22 வால்யூம் முடிச்சும் மனசு ஆறல: ஐ ஆம் எ ஹீரோ படிச்சவங்க வாங்க (ஸ்பாய்லர் இருக்கு)

பாதிராத்திரி:

மக்களே, நேத்து ராத்திரி ரெண்டரை மணிக்கு ஐ ஆம் எ ஹீரோ கடைசி வால்யூம மூடுனேன், மூடிட்டு ஒரு பத்து நிமிஷம் சுவத்த பாத்துட்டு உக்காந்திருந்தேன், பயத்துல எல்லாம் இல்ல, இவ்ளோதானா அப்படிங்கற கடுப்புல. கெங்கோ ஹனாசாவா 2009ல ஆரம்பிச்சு 2017ல முடிச்ச ஜாம்பி மங்கா (ஜப்பான் காமிக்ஸ்) தொடர், மொத்தம் 22 வால்யூம். படிக்காதவங்க இதோட கிளம்பிடுங்க, கீழ எல்லாத்தையும் போட்டு உடைக்கப் போறேன்.

முதல் வால்யூம பத்தி ஒரு குறையும் சொல்ல முடியாது, அத முதல்லயே சொல்லிடுறேன். ஹிதேயோ சுசூகி, 35 வயசு, இன்னொரு மங்கா ஆர்ட்டிஸ்ட்கிட்ட அசிஸ்டன்டா இருக்கான், முன்னாடி சொந்தமா ஒரு தொடர் போட்டு அது ஊத்திக்கிச்சு, ராத்திரி ஆனா ரூம்ல யாரோ இருக்குற மாதிரி பயம், இல்லாத ஆள்கூட உக்காந்து பேசிட்டு இருப்பான். காதலி தெக்கோவோட பழைய காதலன் பெரிய ஆர்ட்டிஸ்ட், அந்த பொறாம வேற. கிட்டத்தட்ட ஒரு வால்யூம் முழுக்க இவனோட புலம்பல்தான், ஜாம்பி எல்லாம் எங்கயோ ஓரத்துல, டிவில ஒரு செய்தி ஓடும், அத எவனும் கவனிக்க மாட்டான். அப்புறம் காலைல தெக்கோ வீட்டுக்குப் போறான், பெல் அடிக்கிறான், திறக்கல, கதவுல தபால் போடுற சந்து வழியா குனிஞ்சு உள்ள பாக்குறான். அவ்ளோதான் சொல்லுவேன். அந்த இடத்துல என் கைல இருந்த போன் நெஜமாவே கீழ விழுந்துச்சு.

சரி அப்ப பிரச்சன என்னன்னா, அங்கிருந்து ஒரு எட்டு பத்து வால்யூம் வரைக்கும் எனக்கு மூச்சு விட முடியல, ஃபூஜி மலை காட்டுல ஹிரோமிய பாக்குறது, அவளுக்கு பாதி தொத்திக்கிட்டு பாதி மனுஷியாவே இருக்குறது, அவுட்லெட் மால்ல கூரை மேல இருக்குற கும்பல், எல்லாமே செம. அதுக்கப்புறம் கதை எங்கெங்கயோ போகுது. குருசுன்னு ஒருத்தன் வர்றான், அவன மாதிரியே இன்னும் சில பேரு, அப்புறம் பாதி ஜாம்பிங்க எல்லாரோட மனசும் ஒண்ணா இணைஞ்சு ஒரு கூட்டு மூளை மாதிரி, ஒடம்பெல்லாம் ஒட்டி மலை சைஸுக்கு ஒரு ராட்சசன், நடுவுல திடீர்னு வெளிநாட்டுல நடக்குற அத்தியாயம், அதுல ஒருத்தன ஃபாலோ பண்ண ஆரம்பிச்சா அவன் செத்துடுவான். இதெல்லாம் சேந்து ஏதோ பெருசா வரப்போகுதுன்னு நம்பி நம்பி படிச்சேங்க. கடைசில என்ன ஆச்சு? இது ஏன் வந்துச்சு, எங்கிருந்து வந்துச்சு, ஒண்ணும் கிடையாது. மத்தவங்க தப்பிச்சுப் போய்டுறாங்க, நம்மாளு ஆளில்லாத டோக்கியோவுல தனியா. முடிஞ்சுது. நன்றி வணக்கம்.

கேள்வி ரெண்டு. ஒண்ணு, எனக்குத்தான் புரியலையா, இல்ல நெஜமாவே சொதப்பிட்டாரா? ரெண்டாவது, இதோட முதல் பாதி மாதிரியே இருந்து, கடைசி வரைக்கும் அந்த பிடிய விடாத சர்வைவல் ஹாரர் மங்கா, அதான் உசுர காப்பாத்திக்க போராடுற திகில் கதை, ஏதாவது இருந்தா சொல்லுங்க. ஏற்கனவே ஒரு தடவ சூடு பட்டாச்சு, பாத்து சொல்லுங்க.


கடைசிப்பக்கம்:

புரியல ப்ரோ உங்களுக்கு. கோச்சுக்காதீங்க. அந்த முடிவுதான் அந்த கதைக்கு இருக்குற ஒரே முடிவு. வேலைல இருக்கேன், ராத்திரி வந்து விவரமா சண்ட போடுறேன்.


மைக்கறை:

கடைசிப்பக்கம் வந்து சண்ட போடுறதுக்குள்ள நான் என் பங்க சொல்லிடுறேன். நானும் சின்ன அளவுல காமிக்ஸ் வரையிற ஆளுதான், அதனால எனக்கு இதுல கோவத்த விட பரிதாபம் அதிகம்.

இது பிக் காமிக் ஸ்பிரிட்ஸ்னு ஒரு வாரப் பத்திரிகைல வந்த தொடர். வாரத்துக்கு சுமார் 18 பக்கம், எட்டு வருஷம். நடுவுல லீவு விட்டாலும் அது என்ன மாதிரி ஓட்டம்னு யோசிங்க. நீங்க ஒரு வாரத்துல மொத்தத்தையும் முழுங்கிட்டீங்க, அங்க ஒருத்தன் ஒரு படிக்கட்டு ஏறுறதுக்கே ரெண்டு வாரம் ஆகும், ஏன்னா ஹனாசாவா ஒவ்வொரு படியையும் வரைவாரு. அந்த பின்னணி எல்லாம் பாத்தீங்கல்ல, கரண்ட் கம்பி, போஸ்டர், வெண்டிங் மெஷின் எல்லாம் போட்டோவ வச்ச மாதிரி இருக்கும், அதுக்கு நடுவுல அந்த கோணல்மாணல் ஒடம்பு ஓடி வர்றப்ப வயித்த கலக்கும். நம்ம தெருவுலயே நடக்குற மாதிரி இருக்குறதுதான் அங்க பயமே. அந்த ராட்சச ஒடம்பு வந்தப்ப ஏன் பயம் போச்சுன்னு நெனைக்கிறீங்க? அளவு மாறிடுச்சு. ஒரு ஆளோட வாய் கதவு சந்துல தெரிஞ்சா பயம், பில்டிங் ஒசரத்துக்கு ஒண்ணு வந்து நின்னா அது வேடிக்க. நல்லா வரைஞ்சிருக்காருன்னு பாராட்டிட்டு பக்கத்த திருப்பிடுவோம். நான் அப்படித்தான் திருப்புனேன்.

இன்னொன்னு, வார தொடர்ல ஒரு சிக்கல் இருக்கு, ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் கடைசி பக்கத்துல ஒரு கொக்கி மாட்டியாகணும், இல்லன்னா அடுத்த வாரம் எவனும் வாங்க மாட்டான். கொக்கி மாட்டுறது ஈஸி. "அவன் யாரு?", "அந்த குரல் எங்கிருந்து வருது?" இப்படி கேள்விய போட்டுட்டே போலாம். ஒவ்வொண்ணும் ஒரு கடன் மாதிரி, பின்னாடி அடைக்கணும். ரெண்டு மூணு வருஷம் போனா வட்டியே கட்ட முடியாது. குருசு வந்ததுக்கப்புறம் இந்த மனுஷன் தலைக்கு மேல கடன் வாங்கிட்டாருன்னுதான் எனக்குத் தோணுது, கடைசி வால்யூம்ல மஞ்ச நோட்டீஸ் குடுத்துட்டாரு. இது என் ஊகம்தான், அவரு மனசுல என்ன இருந்துச்சுன்னு எனக்கு எப்படி தெரியும்.

ஆனா மால் வரைக்கும் படிச்சிட்டு நிறுத்தினா கூட அது நான் படிச்சதுல டாப் அஞ்சுல வரும். ஜப்பான்ல இதுக்கு ஷோகாகுகான் மங்கா விருது சும்மாவா குடுத்தாங்க.


சேவ்ரூம்:

நான் மங்கா பக்கம் வந்ததே கேம்ல இருந்துதான், அதனால என் கணக்கு வேற. கணக்குன்னு சொல்றது சும்மா பேச்சுக்கு இல்ல, நெஜமாவே கணக்கு.

சர்வைவல் ஹாரர்ங்கற பேரே 1996ல வந்த முதல் ரெசிடென்ட் ஈவில் கேம் ஆரம்பிக்கிறப்ப திரைல வந்த வாசகத்துல இருந்துதான் எல்லார் வாய்லயும் ஒட்டிக்கிச்சு. அந்த கேம்ல எதுக்கு பயந்தோம்னு யோசிச்சு பாருங்க. ஜாம்பி மெதுவா நடக்கும், நாய் மாதிரி சிலதுதான் வேகம். பயம் எங்க இருந்துச்சுன்னா பைல. கிறிஸ், ஜில்னு ரெண்டு பேர்ல ஒருத்தர எடுத்து ஆடணும், கிறிஸ்ஸ எடுத்தா ஆறு சாமான் வச்சுக்கலாம், ஜில்ல எடுத்தா எட்டு. தோட்டா ஒரு இடம், மூலிக ஒரு இடம், சாவி ஒரு இடம், அதுக்கு மேல கிடைச்சா விட்டுட்டுப் போகணும். ஆடுன வரைக்கும் சேவ் பண்றதுக்கு கூட கேம்ல இருக்குற டைப்ரைட்டருக்கு இங்க் ரிப்பன் வேணும், அதுவும் எண்ணி எண்ணித்தான் கிடைக்கும். நான் சின்ன வயசுல ஒரு காரிடர்ல கால் மணி நேரம் நின்னிருக்கேன், உள்ள ரெண்டு ஜாம்பி, கைல ஏழு தோட்டா, சுடலாமா சுத்திட்டு ஓடலாமா. அந்த கால் மணி நேரம்தாங்க சர்வைவல் ஹாரர். ஜாம்பி கடிக்கிறது வெறும் ரிசல்ட்.

இப்ப ஐ ஆம் எ ஹீரோவ எடுத்துக்கோங்க. முதல் பாதில ஹிதேயோகிட்ட ஷாட்கன் இருக்கு, கிளே ஷூட்டிங் (பறக்குற களிமண் தட்ட சுடுற விளையாட்டு) ஹாபிக்காக லைசென்ஸ் வாங்கி வச்சது. ஜப்பான்ல சாதாரண ஆள்கிட்ட துப்பாக்கி இருக்குறதே அபூர்வம், 1958ல போட்ட சட்டம் இன்னைக்கும் அவ்ளோ கெடுபிடி. அதனால அந்த ஒரு துப்பாக்கி கதைல தங்கம் மாதிரி. எவன்கிட்ட இருக்கு, எத்தன தோட்டா மிச்சம், எவனாவது புடுங்கிடுவானா, இதே கவலதான் நமக்கு. மால்ல அந்த துப்பாக்கி கை மாறுறப்ப ஜாம்பி கூட்டத்த விட அதுதான் எனக்கு படபடன்னு இருந்துச்சு. பின்பாதில பாருங்க, எவனாவது எண்ணுறானா? தண்ணி எவ்ளோ, சாப்பாடு எவ்ளோ, பெட்ரோல் எவ்ளோன்னு ஒருத்தனாவது கேக்குறானா? மனசால பேசிக்கிறாங்க, கூட்டு மூளைங்கறாங்க, கூரைல இருந்து கூரைக்கு தாவுறாங்க. எண்ணுறத நிறுத்துன அன்னைக்கே சர்வைவல் செத்துப் போச்சு, ஹாரர் மட்டும் தனியா நொண்டி அடிச்சுட்டு வந்துச்சு.

அதனால பாதிராத்திரி, நீங்க விளக்கம் வரலன்னு கோவப்படுறீங்கல்ல, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. விளக்கம் வந்திருந்தா இன்னும் கேவலமா இருந்திருக்கும். ஏதோ வைரஸ், ஏதோ லேப், ஏதோ விண்வெளின்னு ஒரு கிழவன் வந்து ரெண்டு அத்தியாயம் லெக்சர் எடுப்பான். அதுவா வேணும்?


பாதிராத்திரி:

சேவ்ரூம், லெக்சர் கிழவன் வேணாம், ஒத்துக்கிறேன். ஆனா விளக்கம் குடுக்கப் போறதில்லன்னா கேள்விய அத்தன தடவ கேக்கக் கூடாதுல்ல? வீட்டுக்கு கூப்புட்டு, இலை போட்டு, தண்ணி தெளிச்சு, அப்புறம் சோறு இல்லன்னா எப்படி. முதல் பாதில ஏன் வந்துச்சுன்னு நானே கேக்கல, எனக்கு தேவையும் படல. அவருதான் கேக்க வச்சாரு.

அந்த எண்ணுற விஷயம் மட்டும் சுரீர்னு இருந்துச்சு. யோசிச்சுப் பாத்தா நான் எங்க இருந்து வேகமா ஸ்வைப் பண்ண ஆரம்பிச்சேனோ அங்கதான் அது நின்னுருக்கு.


தலைகீழ்வாசகி:

ஒரு நிமிஷம், ஸ்வைப்பா? போன் கீழ விழுந்துச்சுன்னு வேற எழுதியிருக்கீங்க. 22 வால்யூமும் போன்லயா படிச்சீங்க?

சண்டைக்கு வரல, ஆனா இந்த மங்காவுக்கு அது பெரிய விஷயம் தம்பி. மங்கா வலதுல இருந்து இடதுக்கு படிக்கிறது, இது எல்லாருக்கும் தெரியும். ஆனா புக்கா கைல வச்சிருக்கப்ப என்ன நடக்குதுன்னா, இடது பக்கத்துல கீழ் மூலைல இருக்குற கடைசி கட்டம்தான் நீங்க திருப்புறதுக்கு முன்னாடி பாக்குறது. அங்க ஒருத்தன் எதையோ பாத்து கண்ண விரிப்பான், நமக்கு என்னன்னு காட்ட மாட்டாங்க. பக்கத்த திருப்புற அந்த அரை செகண்ட் இருக்கே, அது வரையிற ஆளு நமக்குன்னு வச்சிருக்குற இருட்டு. திருப்புனா ரெண்டு பக்கத்துக்கும் சேத்து ஒரே படம் மூஞ்சில அடிக்கும். ஹனாசாவா இந்த வித்தையிலயே வாழுற ஆளு. தெக்கோ வீட்டு சந்து சீன எடுத்துக்கோங்க, ஹிதேயோ கண்ணு எங்க இருக்கோ நம்ம கண்ணும் அங்கயே இருக்கும், பார்வை நகராது, அவ மட்டும் நகருவா, ஒவ்வொரு திருப்புலயும் கொஞ்சம் கொஞ்சமா. நானே அடுத்த பக்கத்த திருப்பணும், நான் திருப்பலன்னா அவ எந்திரிக்க மாட்டா. அந்த புக்க அப்படியே மூடி வச்சிட்டு அடுத்த நாள் வெளிச்சத்துலதான் திறந்தேன், சிரிக்காதீங்க.

போன்ல ஒத்த ஒத்த பக்கமா வந்தா அந்த பெரிய படம் நடுவுல வெட்டுப்பட்டு பாதி மூக்கு இங்க பாதி மூக்கு அங்கன்னு வரும். பின்பாதில அந்த ரெட்டைப்பக்கம் ரொம்ப அதிகம், வசனமே இல்லாம பல பக்கம் போகும். போன்ல அது ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும், சர்ர்ர்னு தள்ளிட்டு போய்டுவீங்க. அதனால ஏமாத்தத்துல ஒரு கால்வாசி உங்க போனோடதுன்னு வச்சுக்கோங்க. மிச்சம் முக்காவாசி அவரோடது, அதுல நான் உங்க கட்சி. அந்த வெளிநாட்டு அத்தியாயங்கள் எனக்கும் எரிச்சல்தான், அழகா ஒரு சின்னக்கதை மாதிரி ஆரம்பிக்கும், நாம ஒட்டுறதுக்குள்ள ஆளு காலி.

ஆனா ஒரு விஷயம் யாருமே சொல்லல. அந்த ஜாம்பிங்க பேசுறது! உயிரோட இருந்தப்ப எத சொல்லிட்டு இருந்தாங்களோ அதையே திரும்ப திரும்ப முனகிட்டு இருக்கும். கடைக்காரன்னா வாங்க வாங்கன்னு. ஒருத்தன் ஹை ஜம்ப் வீரன், செத்தும் தாவுறத விடாம மண்ட நசுங்க தாவிட்டே இருப்பான். எனக்கு கடிக்கிறத விட அதுதான் ராத்திரி நெனப்புல வந்துச்சு. நான் செத்தா என்னத்த முனகுவேன்னு யோசிச்சேன், "அட்டாச்மென்ட பாருங்க"ன்னு மெயில்ல போடுறதுதான் வரும்னு தோணுச்சு.


சேவ்ரூம்:

அட்டாச்மென்ட பாருங்க 😂 அக்கா முடியல


கடைசிப்பக்கம்:

வந்துட்டேன். எல்லாரும் சேந்து மனுஷன குழி தோண்டி பொதச்சுட்டீங்க போல.

பொறுமையா கேளுங்க. கதை யாரப் பத்தி? ஹிதேயோ. அவன் பேர எழுதுற எழுத்துக்கு அர்த்தமே வீரன்னுதான், அவனும் ஒவ்வொரு எடத்துலயும் பேர சொல்றப்ப வீரன்னு எழுதி ஹிதேயோன்னு படிக்கணும்னு சொல்லிக்குவான், சொல்லிட்டு அவனுக்கே கூச்சமா இருக்கும். தொடரோட பேரும் அதான். இப்ப அவன் என்ன மாதிரி ஆளு? ஊரே எரியிறப்ப கூட லைசென்ஸ் இல்லாதவங்க கைல துப்பாக்கி குடுக்க மாட்டேன், அது சட்டவிரோதம்னு சொல்றவன். முதல் தடவ படிக்கிறப்ப அது காமெடி. ரெண்டாவது தடவ படிச்சா அது காமெடி இல்லன்னு தெரியும், உலகம் முடிஞ்சு போச்சுங்கறத அவன் மண்ட ஏத்துக்கல, ரூல்ஸ் இருக்குற வரைக்கும் உலகம் இருக்குன்னு புடிச்சு தொங்கிட்டு இருக்கான்.

அந்த கூட்டு மூளை எதுக்கு வருதுன்னு நெனைக்கிறீங்க? எல்லாரும் ஒண்ணா கலந்துடுறாங்க, தனிம இல்ல, பயம் இல்ல, ஹிரோமியும் அதுல போய்டுறா. முதல் வால்யூம்ல இருந்து இவனுக்கு இருக்குற ஒரே வியாதி தனிமதான், ரூம்ல இல்லாத ஆள்கூட பேசிட்டு இருந்தவன். இப்ப ஊரே ஒண்ணா சேருது, இவன மட்டும் சேத்துக்கல. மனுஷங்க கும்பலும் இவன விட்டுட்டு போயிடுச்சு, ஜாம்பி கும்பலும் எடுத்துக்கல. கடைசில காலி டோக்கியோவுல தனக்குத்தானே பேசிட்டு, வேட்டையாடி, எதையோ நட்டு வளத்து உசுர வச்சிட்டு இருக்கான். முதல் அத்தியாயத்துல இருந்த அதே ஆளு, அதே தனிம, இந்த தடவ சுவரு மட்டும் இல்ல. ஆனா பயமில்லாம இருக்கான், பாத்தீங்களா? அத யாரும் பாக்கல. எல்லாரும் வைரஸ் எங்க இருந்து வந்துச்சுன்னே கேட்டுட்டு இருக்கீங்க.

சேவ்ரூமுக்கு ஒண்ணு. கடைசி அத்தியாயத்துல எண்ணுறது திரும்ப வருது. தனியா இருக்குறவன் எல்லாத்தையும் எண்ணித்தான் ஆகணும். உங்க கணக்குப்படி பாத்தா அதுதான் மொத்தத் தொடர்லயே சுத்தமான சர்வைவல்.


சேவ்ரூம்:

அட ஆமால்ல. சரி அந்த பாயிண்ட் உங்களுக்கு. ஆனா அந்த ஒரு அத்தியாயத்துக்கு வர்றதுக்கு நடுவுல ஏழெட்டு வால்யூம் பாலைவனத்துல நடக்க விட்டாருல்ல, அதுக்கு என்ன சொல்றீங்க?


கடைசிப்பக்கம்:

அதுக்கு ஒண்ணும் சொல்றதுக்கில்ல. அது இழுவைதான்.


மைக்கறை:

அப்பாடா, இத முதல்லயே ஒத்துக்கிட்டிருந்தா நாங்க எல்லாரும் தூங்கியிருப்போம்.


தலைகீழ்வாசகி:

தம்பியோட ரெண்டாவது கேள்விய எல்லாரும் அம்போன்னு விட்டுட்டீங்க, நான் சொல்றேன்.

முதல்ல எது வேணாம்னு சொல்லிடுறேன். ப்டூம் வேணாம், தீவுல பாம்ப வச்சு அடிச்சுக்கிற கதை, நல்லாத்தான் போகும், ஆனா 2018ல கடைசி வால்யூமயே நல்ல முடிவு கெட்ட முடிவுன்னு ரெண்டு வெர்ஷனா விட்டாங்க, உங்க கோவத்துக்கு அது எண்ணெய் ஊத்துன மாதிரி இருக்கும். கேஜ் ஆஃப் ஈடன் 21 வால்யூம், மர்மத்த அடுக்கு அடுக்கா அடுக்கிட்டு கடைசில பஸ்ஸ விட்டவன் மாதிரி ஓட்டம். ப்ராமிஸ்ட் நெவர்லேண்ட்ல முதல் அஞ்சு வால்யூம், பசங்க அனாதை இல்லத்துல இருந்து தப்பிக்கிற வரைக்கும் தங்கம், அதோட நிறுத்துனா நீங்க சந்தோஷமா இருப்பீங்க, ஆனா நிறுத்த மாட்டீங்க, அதான் பிரச்சன.

நான் சொல்றது பழசு. கஸுவோ உமெசுவோட தி டிரிஃப்டிங் கிளாஸ்ரூம். 1972ல இருந்து 1974 வரைக்கும் ஷோனென் சண்டேல வந்தது, அதாவது பசங்க பத்திரிகைல! உங்க ஐ ஆம் எ ஹீரோ வாங்குன அதே ஷோகாகுகான் விருத இதுவும் வாங்கியிருக்கு. ஒரு ஆரம்பப் பள்ளி, 862 பேரோட, அப்படியே பேத்து எடுத்த மாதிரி காணாமப் போயிடும். சுத்தி பாத்தா பாலைவனம். ஆறாங்கிளாஸ் பையன் ஷோ, அன்னைக்கு காலைல அம்மாகிட்ட சண்ட போட்டுட்டு ஸ்கூலுக்கு வந்தவன். அவ்ளோதான் கதை. பெரியவங்கதான் முதல்ல கழண்டுக்குவாங்க, வாத்தியாருங்க புத்தி பேதலிச்சு போறது எல்லாம் ஆரம்பத்துலயே வந்துடும், மிச்சம் பூரா பசங்கதான்.

சேவ்ரூமுக்கு ரொம்ப பிடிக்கும், ஏன்னா எல்லாமே கணக்கு. ஸ்டோர்ல எவ்ளோ ரொட்டி, தண்ணி எவ்ளோ, எத்தன வாய். நோய் வந்தா மருந்து எங்க. ஒரு எடத்துல ஷோவுக்கு குடல்வால் வீங்கிடும், மயக்க மருந்து கிடையாது, டாக்டர் கிடையாது, கூட படிக்கிற பசங்கதான் அறுக்கணும். நான் அந்த அத்தியாயத்த ஒரு கண்ண மூடிட்டுதான் படிச்சேன், வயிறு எனக்கு வலிச்சுது.

குறையும் சொல்லிடுறேன், அப்புறம் என்ன திட்டக் கூடாது. எல்லாரும் எந்நேரமும் வாயப் பொளந்து கத்திட்டே இருப்பாங்க, ஒரு பக்கத்துல நாலு பேரு கத்துவாங்க. லாஜிக் எல்லாம் கேக்கக் கூடாது, அம்மா அந்த காலத்துல இருந்து, எதிர்காலத்துல மாட்டிக்கிட்ட பையனுக்கு உதவி அனுப்புற வழி எல்லாம் கேட்டா சிரிப்பு வரும், ஆனா படிக்கிறப்ப சிரிப்பு வராது, கண்ணுல தண்ணிதான் வரும். மருந்து போய் சேர்ற இடம் இருக்கே, சொல்ல மாட்டேன். உமெசு 2024ல காலமாயிட்டாரு, எண்பத்தெட்டு வயசு. அந்த செய்தி பாத்த அன்னைக்கு இத மறுபடி எடுத்து உக்காந்தேன், ஒரே மூச்சுல போச்சு.


மைக்கறை:

அதோட டிராகன் ஹெட் சேத்துக்கோங்க, மினெதாரோ மொச்சிசுகி, 90கள்ல வந்தது, பத்தே வால்யூம். ஸ்கூல் டூர் முடிஞ்சு புல்லட் ரயில்ல திரும்புறப்ப சுரங்கத்துக்குள்ள கவுந்துடும், ரெண்டு பக்கமும் அடைஞ்சுடுச்சு, உயிரோட மூணு பேரு, அதுல ஒருத்தனுக்கு இருட்டு பிடிச்சு ஆட்டும். இருட்ட மையால வரையிறது எப்படின்னு பாக்கணும்னா அந்த சுரங்கம்தான், பக்கம் பக்கமா கருப்பு, ஒரு டார்ச் வட்டம் மட்டும். ஆனா பாதிராத்திரி, அதுலயும் முடிவுல எல்லாத்தையும் விளக்க மாட்டாரு. இப்பவே சொல்லிட்டேன்.


பாதிராத்திரி:

எல்லாருக்கும் சேத்து ஒரு அப்டேட். தலைகீழ்வாசகி அக்கா சொன்னதுக்காக டேப்லெட்ட படுக்க வச்சு ரெண்டு பக்கமும் ஒண்ணா தெரியுற மாதிரி போட்டு ஹீரோ முதல் வால்யூம திரும்ப படிச்சேன். அந்த சந்து சீன்ல போன்ல நான் பாத்தது பாதிதான். ரூம்ல அவ தவிர மிச்சதெல்லாம், கட்டில், துணி, சாமான் எல்லாம், கிடந்த எடத்துலயே கிடக்கு, அத இப்பதான் கவனிச்சேன். கடைசிப்பக்கம் சொன்ன தனிம மேட்டரும் இந்த தடவ முதல் அத்தியாயத்துலயே தெரிஞ்சுது, ராத்திரி ரூம்ல இல்லாத ஆள்கிட்ட அவன் பேசுற விதம் இருக்கே, பாவமா இருந்துச்சு, முதல் தடவ லூசுன்னு நெனச்சு சிரிச்சிட்டு போயிருக்கேன். ஆனா நடு வால்யூம்கள மறுபடி படிக்க மாட்டேன், யாரு சொன்னாலும். அந்த விஷயத்துல நான் ஆறுன ஆளு கிடையாது.

டிரிஃப்டிங் கிளாஸ்ரூம் ஆரம்பிச்சிட்டேன். கத்துறாங்கதான், காது வலிக்குது. ஆனா அந்த ஸ்கூலுக்கு சாப்பாடு கொண்டு வர்ற ஆளு இருக்கான்ல, செகியா, முதல்ல பாத்தப்ப பெரியவரு ஒருத்தராவது தெளிவா இருக்காரேன்னு நிம்மதியா இருந்தேன். ராஸ்கல்! சோத்த பூட்டி வச்சுக்கிட்டு சின்ன பசங்கள என்ன பாடு படுத்துறான். ரொட்டி எத்தனன்னு நானும் கூடவே எண்ணிட்டு இருக்கேன் சேவ்ரூம், உங்களாலதான்.


தலைகீழ்வாசகி:

எத்தனாவது வால்யூம்?


பாதிராத்திரி:

ரெண்டு. அவன் இதோட காலியா, திரும்ப வருவானா? இல்ல வேணாம், சொல்லாதீங்க.


தலைகீழ்வாசகி:

சொல்லல. ரொட்டிய மட்டும் எண்ணிட்டே இருங்க.